மாடு எங்க நிக்குது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் கேள்விப் பெட்டியைத் திறந்தா முக்கால்வாசி மாடும் தண்ணியும்தான். போன இதழ்ல கொழும்புக்குக் குடிதண்ணி எங்கருந்து வருதுன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, பெரும்பாலும் களனி கங்கையிலருந்து, அது பொறக்குற எடம் ஹட்டன் மஸ்கெலியா பக்கம்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன், அது போதும்போல, வெள்ளவத்தையிலருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் எல்லாருக்கும் வயித்தக் கலக்கிருச்சு. நான் இருபத்தஞ்சு வருஷம் மலையில மாட்டு டொக்டர்மாருக்குப் பின்னால பெட்டி தூக்கிட்டுத் திரிஞ்சவன், இப்ப பென்ஷன் எடுத்துட்டு கொழும்புல அதே தண்ணியத்தான் குடிச்சிட்டு இருக்கேன், அதனால ரெண்டு பக்கத்துக் கதையும் கொஞ்சம் தெரியும். வந்ததுல ஏழ மட்டும் எடுத்திருக்கேன், மிச்சப் பேர் கோவிச்சுக்காதீங்க.

அண்ணா, ஸ்கூல் லீவுக்குப் பிள்ளையளோட ஹட்டன் போனனாங்கள். காசல்ரி நீர்த்தேக்கத்துத் தண்ணிக்கரையில நாலைஞ்சு மாடு முழங்கால் தண்ணியில நிண்டு குடிச்சுக்கொண்டே சாணியும் போட்டுது. அந்தத் தண்ணிதான் எங்கட பைப்பில வருதெண்டு நீங்கள் எழுதினதை வாசிச்ச பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. கொதிக்க வைச்சாக் காணுமோ, இல்லாட்டி பில்டர் வாங்கோணுமோ? – ஒரு அம்மா, வெள்ளவத்தை

நீங்க பார்த்தது உண்மைதான் அக்கா, ஆனா அந்தத் தண்ணி வர்ற வழியைக் கேட்டா சோறு இறங்கும். காசல்ரித் தண்ணி விமலசுரேந்திர பவர் ஹவுஸுக்குள்ள இறங்கி கரண்ட் குடுத்துட்டு, நோட்டன்ல தேங்கி, பழைய லக்ஷபானவுல இன்னொரு தரம் இறங்கி, மவுசாகலைப் பக்கத்துத் தண்ணியோட சேர்ந்து பொல்பிட்டியவுலயும் டர்பைனச் சுத்திட்டு, கித்துல்கல, எட்டியாந்தோட்டை, அவிசாவளை, ஹங்வெல்லன்னு ஊர் ஊரா வந்து அம்பத்தளை சுத்திகரிப்பு நிலையத்துல ஏறுது. களனி மொத்தம் 145 கிலோமீட்டர். நடுவுல ஒவ்வொரு நீர்த்தேக்கத்துலயும் தண்ணி நின்னு நிதானமா வர்றதால கனமான அழுக்கு அடியில உக்காந்துரும், வெயில் பட்டு கிருமியில ஒரு பங்கு சாகும், மிச்சம் பெரிய தண்ணியில கரைஞ்சிரும். அம்பத்தளையில படிகாரம் போட்டு, தெளிய வச்சு, மணல்ல வடிச்சு, குளோரின் போட்டுத்தான் அனுப்புறாங்க. சாணியில இருக்குற ஈ கோலி மாதிரி பாக்டீரியாவுக்கு குளோரின் எமன். குடிதண்ணி 100 மில்லிலீட்டர்ல ஈ கோலி ஒண்ணுகூடத் தென்படக் கூடாதுன்னுதான் உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு.

குளோரினுக்கு அசராத ஒரு ஆளும் இருக்கு, கிரிப்டோஸ்போரிடியம்னு பேரு. பொறந்து சில வாரமான கன்னுக்குட்டிக்கு வயித்தோட்டம் வந்தா அந்தச் சாணியில இது கோடிக்கணக்குல வரும், மேல ஓடு மாதிரி ஒரு தோல் இருக்குறதால குளோரின் உள்ள போகாது. மணல் வடிகட்டி ஒழுங்கா வேலை செஞ்சா பெரும்பங்கு அதுலயே மாட்டிக்கும், தப்பி வர்றது கொதியில சாகும். கேத்தல்ல தண்ணி தளதளன்னு கொதிச்சு ஒரு நிமிஷம் போகட்டும், அவ்ளோதான். பில்டர் உங்க இஷ்டம், வாங்கினா உள்ள இருக்குற வடிகட்டித் திரிய மாத்த மறக்காதீங்க, ஒரு வருஷம் மாத்தாத பில்டர் உள்ளயே கிருமி குடித்தனம் நடத்தும், அதுக்கு வாங்காமலே இருக்கலாம்.

இன்னொண்ணு, இந்த கிரிப்டோ 1993ல அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துக் குடிதண்ணியில புகுந்து ஏறக்குறைய 4 இலட்சம் பேரைப் படுக்க வச்சது. மொதல்ல எல்லாரும் கை காட்டினது மாட்டுப் பண்ணைகளைத்தான். பிற்பாடு மரபணு பார்த்தப்ப அது மனுசன்கிட்டருந்து வந்த வகைன்னு தெரிஞ்சுது. மாடு ஒண்ணும் கோர்ட்டுக்குப் போகலை. அதுக்காக மாடு எப்பவும் சுத்தம்னும் சொல்ல வரலை, 2000 மே மாசம் கனடாவுல வோக்கர்டன்னு ஒரு சின்ன ஊர்ல கன மழைக்கு மாட்டெரு ஆழமில்லாத கிணத்துக்குள்ள இறங்கி, குளோரின் போட வேண்டியவங்க ஒழுங்காப் போடாம, 7 பேர் செத்து 2,300 பேருக்குச் சுகமில்லாமப் போச்சு. அங்க நடந்த விசாரணையில பண்ணைக்காரர் மேல குத்தமே இல்லை, எருவை முறையாத்தான் கையாண்டிருக்கார்னு எழுதினாங்க. கிணறு இருந்த இடமும் கவனிக்காம விட்ட ஆளும்தான் பிரச்சினை.

உங்க பைப்புக்கு வர்ற தண்ணியில மாட்டை விட, அவிசாவளைக்குக் கீழ ரெண்டு கரையிலயும் இருக்குற தொழிற்சாலையும் கக்கூஸ் குழியும் குப்பையும் எனக்குப் பெரிய கவலை. ஆனா மாடு நிக்கிற எடத்துக்குப் பக்கத்துல, அதே ஓடையில, கொதிக்க வைக்காம வாயில ஊத்திக்கிற சனம் இருக்கே, அவங்களுக்குத்தான் மாட்டுச் சாணி நெசமான பிரச்சினை. அடுத்த கடிதம் அதுதான்.

அண்ணே வணக்கம். நான் புறக்கோட்டையில புடவைக் கடையில வேலை. அப்பா அம்மா பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்துல. மூணு கறவை மாடு, ஒரு கன்னுக்குட்டி. பட்டி லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) மேல, ஓடைக்கு ஒட்டினாப்புல இருக்கு. அந்த ஓடைதான் கீழ சனம் தண்ணி பிடிக்கிற பீலிக்கு வருது. போன மழையில கீழ் லயத்துப் புள்ளைகளுக்கு வயித்தோட்டம், இப்ப எல்லாரும் மாட்ட வித்துருன்னு அப்பாவ நெருக்குறாங்க. அந்தப் பால் காசுலதான் நான் ஏஎல் வரைக்கும் படிச்சேன். என்ன செய்ய? – ஒரு தம்பி, கொழும்பு 11

தம்பி, அப்பாகிட்ட மாட்ட விக்க வேணாம்னு சொல்லுங்க, ஆனா பட்டிய அந்த எடத்துல வச்சிருக்கவும் வேணாம்னு அதே மூச்சுல சொல்லுங்க. கீழ் லயத்துக்காரங்க கோவம் நியாயமானது. புள்ளைகளுக்கு வந்தது மாட்டாலயா மேல இருக்குற கக்கூஸாலயான்னு டெஸ்ட் பண்ணாம யாரும் சொல்ல முடியாது, பீஎச்ஐ ஐயாகிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லி பீலித் தண்ணிய ஒரு போத்தல் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க, அதுவரைக்கும் பீலித் தண்ணிய யாரும் கொதிக்காமக் குடிக்கக் கூடாது.

பட்டிய ஏன் ஓடையில கட்டுறாங்கன்னு எனக்குத் தெரியும். கழுவத் தண்ணி கிட்ட இருக்கும், அள்ளுற வேலை மிச்சம், ரெண்டு வாளி ஊத்தினா சாணியும் மூத்திரமும் கானுக்குள்ள போய் கானு ஓடைக்குள்ள போயிரும், பட்டி பளிச்சுன்னு இருக்கும். அந்தப் பளிச்சு கீழ பீலியில இறங்குது. மொதல் வேலை அந்தக் கானுவ மாத்துறது. ஒரு மம்பட்டியும் ஒரு ஞாயித்துக்கிழமையும் போதும், கானுவ ஓடைப் பக்கம் போக விடாம குறுக்கால திருப்பி புல்லுப் பாத்திக்கு விடுங்க, மானாப்புல்லோ கினிப்புல்லோ சிஓ 3 ஓ எதுவா இருந்தாலும் அந்த மூத்திரத் தண்ணிக்கு உயிரக் குடுத்து வளரும். அடுத்து கூரைத் தண்ணி. தகரத்துல விழுற மழை சுத்தமான தண்ணி, அது பட்டி முற்றத்துல விழுந்து சாணியோட கலந்தப் பொறகுதான் அழுக்காகுது, கூரை ஓரத்துல ஒரு தண்ணிக் குழல் வச்சு அத தனியா வெளிய எடுத்துட்டா கழுவிக்கிட்டுப் போற தண்ணி நிறையக் கொறைஞ்சிரும். இத நிறையப் பேர் யோசிக்கிறதே இல்லை.

சாணிக் குவியல் மழையில நனையக் கூடாது. சுத்தி ஒரு அடி உசரத்துக்கு மண் வரப்பு, மேல பழைய தகரம் நாலு, கல்லு வச்சு அமுக்கி விடுங்க. நாளைக்கு மழைன்னு வானம் சொல்றப்ப மரக்கறித் தோட்டத்துக்கு எரு போடாதீங்க, போட்டா அது மரக்கறிக்குப் போகாது, பீலிக்குத்தான் போகும்.

வசதி வந்தப் பொறகு பட்டியையே ஓடையிலருந்து ஒரு லயத்து நீளமாவது தள்ளிக் கட்டுங்க. நடுவுல இருக்குற எடத்த செதுக்கிடாதீங்க, அங்க புல்லு அடர்த்தியா நிக்கணும். கலிபோர்னியா மேய்ச்சல் தரையில பண்ணின ஆராய்ச்சியில, சாணிக்கும் தண்ணிக்கும் நடுவுல சில அடி அகலப் புல்லு இருந்தாலே பாக்டீரியாவுல பெரும்பகுதி அதுலயே நின்னுருதுன்னு பார்த்திருக்காங்க. மழைத் தண்ணி புல்லுக்குள்ள நடந்து வந்தா தரை குடிச்சிரும், மிதிபட்ட மொட்டை மண்ணுல விழுந்தா ஓடி வந்துரும். அதுவும் மாட்டுக் குளம்பு மிதிச்சு மிதிச்சு எறுகின மண்ணு சீமெந்துத் தரை மாதிரி, ஒரு சொட்டு உள்ள இறங்காது. பொகவந்தலாவைச் சரிவு எப்படிப்பட்ட சரிவுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பொடியான புல்லுத் துண்டு போதாது, எவ்ளோ அகலம் விட முடியுமோ விடுங்க.

இப்ப மாடு ஓடையில இறங்குற விசயம். மாடு தண்ணி குடிக்க வந்தா குடிச்சிட்டுப் போகாது, நிக்கும், அசை போடும், வாலைத் தூக்கும். நின்ன எடத்துல சேறு கலங்கும், அந்தச் சேத்துக்கு அடியில நேத்தும் போன மாசமும் விழுந்த சாணியோட கிருமியெல்லாம் உயிரோட கெடக்கும், காலு வச்சதும் எல்லாம் மேல வரும். அதனால நேரடியா தண்ணிக்குள்ள விழுற ஒரு சாணி, மேட்டுல காயிற பத்து சாணிய விட மோசம். மேட்டுல விழுந்தது வெயில்ல காயக் காய உள்ள இருக்குறதுல நிறைய செத்துரும்.

ஓடைக்கு மேல ஒரு தொட்டி வச்சா மாடு அங்கயே குடிச்சிட்டுத் திரும்பிரும், மாட்டுக்கும் ஓடையில இறங்குறது ஒண்ணும் ஆசையில்லை, வழுக்கும், பயம். அமெரிக்காவுல வர்ஜீனியாவுல இப்படித் தொட்டி வச்சுப் பார்த்து 1997ல எழுதியிருக்காங்க, வேலியே போடலை, மாட்டுக்கு ரெண்டும் திறந்து கெடக்கு, இருந்தும் 92 சதவீதம் தொட்டியிலதான் குடிச்சிருக்கு, ஓடைக் கரை அரிக்கிறது 77 சதவீதம் கொறைஞ்சிருக்கு. நோர்வூட் பக்கம் ஒரு பெரியவர், நான் அடிக்கடி போற பட்டி, நீல பரலை நெடுக்கால அறுத்து ரெண்டு தொட்டியாக்கி, மேல ஊத்துலருந்து அரை இஞ்ச் பைப் இழுத்து விட்டிருந்தார், நிரம்பி வழியிற தண்ணிய இன்னொரு பைப்ல திரும்ப ஓடைக்கே விட்டார், தொட்டியச் சுத்தி கருங்கல்லு பரப்பி சேறாகாமப் பார்த்துக்கிட்டார். அது போதாதுன்னு உப்புக்கட்டிய ஓடையிலருந்து நல்லாத் தள்ளி மேட்டுல ஒரு கொய்யா மரத்துல கட்டித் தொங்க விட்டிருந்தார், மாடு உப்பு நக்கப் போய் அந்த நிழல்லயே படுத்துரும். யாரும் அவருக்குச் சொல்லிக் குடுக்கலை, கேட்டா "மாடு எங்க படுக்குதோ அங்கதானே சாணி" அப்படின்னார். பெரிய பெரிய மேய்ச்சல் பண்ணையிலயும் உப்பத் தண்ணியிலருந்து தூரமா வைக்கச் சொல்றது இதே காரணத்துக்குத்தான்.

கன்னுக்குட்டி விசயத்துல மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம். மேல சொன்ன அந்த குளோரினுக்கு அசராத கிருமி கன்னுக்குட்டிகிட்டருந்துதான் அதிகம் வருது. கன்னு கட்டுற எடம் ஓடைக்கு எட்டாத மூலையா இருக்கட்டும், கழிச்சல் வந்தா மாட்டு டொக்டருக்குச் சொல்லுங்க, அந்தச் சாணிய அள்ளினப் பொறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்க, அம்மாகிட்டயும். கானு திருப்புற அன்னைக்கு கீழ் லயத்துல ரெண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டிட்டுச் செய்ங்க. மம்பட்டி பிடிக்க அவங்களும் வருவாங்க.

கொழும்பில் இலட்சக்கணக்கான மக்கள் குடிக்கும் தண்ணீரை விட நாலு மாடு முக்கியமா? நீரேந்து பகுதியில் மாடு வளர்ப்பதையே தடை செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? – ஓர் ஐயா, பம்பலப்பிட்டி

ஐயா, நீங்க சொல்ற மாதிரி ஒரு எடம் ஏற்கனவே இருக்கு. லபுகம. 1886ல கொழும்புக்குத் தண்ணி குடுக்கத் தொடங்கின நீர்த்தேக்கம், சுத்தி காடு, குடியிருப்பு கெடையாது, மேய்ச்சல் கெடையாது, பக்கத்துல களட்டுவாவவும் அப்படித்தான், தண்ணி அருமையா இருக்கும். வெள்ளைக்காரன் ஒரு சின்ன மலையிடுக்க அடைச்சு அப்படி வச்சுட்டான், முடிஞ்சுது. களனியோட நீரேந்து பகுதி அப்படியா? ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட், அத்தனை தோட்டத்து சனமும் அதுக்குள்ளதான் இருக்கு. மாட்ட வெளியேத்தினா அடுத்து மரக்கறித் தோட்டம், அப்புறம் லயத்துக் கக்கூஸ், அப்புறம் யாரு?

நியூயோர்க் காரங்களுக்கும் இதே பிரச்சினை வந்துச்சு. அவங்க தண்ணியில பெரும்பகுதி கெட்ஸ்கில் மலையிலருந்து வருது, அங்க முழுக்க பால் பண்ணை. பெரிய வடிகட்டி நிலையம் கட்டுறதா, இல்லை மலையக் கவனிக்கிறதான்னு பார்த்தப்ப வடிகட்டி செலவு பல பில்லியன் டொலர்னு கணக்கு வந்துச்சு. 1997ல ஒரு ஒப்பந்தம் போட்டு, நகரத்துக் காசுல பண்ணைக்காரங்களுக்கு எருக் குழி கட்டிக் குடுத்து, ஓடைக்கு வேலி போட்டுக் குடுத்து, மாட்டுக்குத் தொட்டி வச்சுக் குடுத்தாங்க. மாடு இன்னும் அங்க மேயுது. அந்த மலைத் தண்ணி வடிகட்டாம, குளோரினும் புற ஊதா வெளிச்சமும் மட்டும் காட்டி, 80 இலட்சத்துக்கு மேல சனத்துக்குப் போகுது.

மேல உள்ள தம்பியோட அப்பாவுக்கு தொட்டியும் பைப்பும் தகரமும் வாங்க காசு யார் குடுக்குறதுங்கறதுதான் என் கேள்வி. தண்ணி பில்லுல ஒரு சின்னத் தொகைய மலைக்கு ஒதுக்குங்கன்னு யாராவது கேட்டா நீங்க கையெழுத்து வைப்பீங்களா ஐயா? நான் வைப்பேன்.

அண்ணே, எங்க ஊர் செங்கலடிப் பக்கம், இப்ப கொழும்புல கெம்பஸ்ல படிக்கன். எங்கட பெரியப்பாவுக்கு நூறு நூத்தம்பது மாடு. மாரி விதைப்பு தொடங்கினா வயல் பக்கம் மாடு நிக்கேலா, மேய்ச்சல் தரைக்குக் கொண்டு போகணும், மறுகா அறுவடை முடியத்தான் திரும்பும். இங்க கிளாஸ்ல பொடியன்மார், பட்டி மாடுதான் குளத்த நாசமாக்குது எண்டு சொல்றானுகள். அப்படியா? – மட்டக்களப்பு மாணவன்

பொடியன்மார் பாதி சரி. நூத்தம்பது மாடு ஒரே குளத்து அலைகரையில ரெண்டு மாசம் நின்னா அந்தக் குளம் நாசம்தான், புல்லு மொட்டையாகும், கரை இடியும், மழைக்கு மண்ணு முழுக்க குளத்துக்குள்ள, குளம் மேடாகும், சாணிச் சத்து கூடி பச்சைப் பாசி கட்டும். ஆனா அதே நூத்தம்பது மாட்ட ஒரு கிழமைக்கு ஒரு பக்கம்னு நகர்த்திட்டே இருந்தா அந்த அடையாளம் அடுத்த மழையில மறைஞ்சிரும். மாட்டோட எண்ணிக்கைய விட எத்தனை நாள் ஒரே எடத்துல நிக்குதுங்கறதுதான் பெருசு. புல்லோட இலையில பாதிய மாடு தின்னட்டும், பாதி நிக்கணும், பாதிக்கு மேல போனா வேர் வளர்றதும் நின்னு போகும், வேர் இல்லாத மண்ண தண்ணி சும்மா விடாது. கரையோரப் புல்லுக்கு இது இன்னும் கண்டிப்பு, அங்க ஒரு உள்ளங்கை நீளத்துக்காவது புல்லு மிச்சம் வச்சிட்டு மாட்ட எழுப்பிறணும்.

உங்க பெரியப்பாவும் இத எப்பவோ தெரிஞ்சவராத்தான் இருப்பார், பட்டிக்காரன் சும்மாவா ஊர் ஊராத் திரியிறான். நகர எடம் இருந்தாத்தானே நகர்த்தலாம். மாதவணை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைய வெளியாட்கள் பிடிச்சு விதைக்கிறாங்கன்னு 2023ல இருந்து பண்ணையாளர்கள் தொடர்ந்து போராடினது எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. அரசியலை விட்டுருவோம், தண்ணிக் கணக்கு மட்டும் பாருங்க. மேய்ச்சல் தரை பாதியானா மாடு பாதியாகாது, அதே மாடு பாதி எடத்துல நிக்கும், மிச்ச இருக்குற குளத்துக் கரையில வந்து நெருக்கும். அப்புறம் மாடுதான் குளத்தக் கெடுக்குதுன்னு கிளாஸ்ல கதைப்பாங்க.

வடமத்தியப் பக்கத்து பழைய குளத்து முறையப் போய்ப் பாருங்க தம்பி, எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம். பெரிய குளத்துக்கு மேல ஒரு குட்டிக் குளம் வெட்டி வச்சிருப்பாங்க, சிங்களத்துல குளு வெவன்னு சொல்லுவாங்க, அதுல வயலுக்குத் தண்ணி எடுக்குறதில்லை. வண்டல் அதுல தங்கும், மாடும் காட்டு மிருகமும் அங்கயே குடிச்சிட்டுப் போயிரும், பெரிய குளத்துக்கு இறங்காது. அதுக்கும் குளத்துக்கும் இடையில பெரஹனன்னு ஒரு புல்லுத் தரை, பேருக்கு அர்த்தமே வடிகட்டி. மேல சொன்ன கலிபோர்னியாக்காரங்க புல்லு பாக்டீரியாவ நிறுத்துதுன்னு அளந்து எழுதுறதுக்கு எத்தனையோ நூறு வருஷத்துக்கு முந்தியே இங்க அதுக்குப் பேரு வச்சு எடமும் ஒதுக்கி இருந்திருக்காங்க. இப்ப அந்தப் பெரஹனையில பாதி வயலாயிருச்சு, இல்லாட்டி வீடு.

நியூசிலாந்துல இருக்குற மகன் சொல்றான், அங்க ஆத்துல மாடு இறங்கினா சட்டப்படி குத்தமாம். நம்ம நாட்டுல ஏன் இல்லை? – கொட்டாஞ்சேனை

மகன் சொல்றது சரி. 2020ல போட்ட விதி, ஒரு மீட்டருக்கு மேல அகலமான ஆறு ஓடையில பால் மாடு, பன்றி, மான் எல்லாம் இறங்கக் கூடாது, புதுசா வேலி போட்டா கரையிலருந்து 3 மீட்டர் தள்ளி. இறைச்சி மாட்டுக்கும் மானுக்கும் வச்சதுல ஒரு பகுதிய 2024ல தளர்த்திட்டாங்க. வேடிக்கை என்னன்னா அந்த விதியில செம்மறி ஆடு சேர்த்தி இல்லை. அங்க நடந்த பெரிய தண்ணிக் கேடு செம்மறியாலதான். 2016 ஓகஸ்ட்ல ஹவ்லொக் நோர்த்னு 14,000 பேர் இருக்குற ஊர்ல, கன மழைக்கு செம்மறி மேய்ஞ்ச தரையிலருந்து தண்ணி குழாய்க் கிணத்துக்குள்ள இறங்கி, குளோரினும் போடாத தண்ணி அது, ஆயிரக்கணக்கான பேருக்கு வயித்தோட்டம். நம்ம நாட்டுல வேலி விதி போட்டா மொதல்ல மாட்டுக்காரனோட வேலிக் கம்பிக்கு வழி பண்ணணும், பம்பலப்பிட்டி ஐயாவுக்குச் சொன்ன அதே கணக்குத்தான்.

அத்திடிய சதுப்புல எருமை மாடு நிக்கிறத பஸ்ல போறப்ப பார்க்கிறேன். அத தொரத்தினா தண்ணி சுத்தமாகுமா? – தெஹிவளை

ஆகாது. அங்க தண்ணி கறுப்பா இருக்குறதுக்குக் காரணம் வீட்டுக் கழிவும் கானுவும் குப்பையும். எருமை மேய்ஞ்சு மிதிச்சு வச்சிருக்குற எடத்துலதான் சதுப்புச் செடி அடைச்சுக்காம கொக்கு நாரைக்கு எறங்க எடம் கெடைக்குது. 2018ல ரம்சார் ஈரநில நகரம்னு கொழும்புக்குக் கெடைச்ச பேருல அந்த எருமைக்கும் ஒரு பங்கு குடுக்கலாம். ஒண்ணே ஒண்ணு, அந்தத் தண்ணியில செருப்பில்லாம இறங்காதீங்க, கால்ல காயம் இருந்தா சுத்தமா வேணாம். எலிக்காய்ச்சல்னு பேர் வச்சதால எலிய மட்டும் சொல்றோம், மாடு எருமை மூத்திரத்துலயும் அந்தக் கிருமி வரும். இறங்கிட்டு வந்து ஒண்ணு ரெண்டு கிழமைக்குள்ள காய்ச்சலும் கெண்டைக்கால் உளைச்சலும் வந்தா பனடோல் போட்டுட்டுப் படுக்காம டொக்டர்கிட்ட போய் இறங்கின கதையச் சொல்லுங்க.

வருஷத்துல எந்த மாசம் தண்ணி விசயத்துல கூடுதல் கவனமா இருக்கணும்? ஒரு வரியில சொல்லவும். – வத்தளை

ஒரு வரியில வராது. நெறைய நாள் காய்ஞ்ச பொறகு வர்ற மொத மழை. அந்த மழைக்கு முந்தி மலையில விழுந்த சாணி, தூசி, எரு எல்லாம் ஒரே நாள்ல கழுவிக்கிட்டு இறங்கும், ரெண்டாவது மூணாவது மழையில அவ்ளோ இருக்காது. கொழும்புக்கு அது பெரும்பாலும் மாசி பங்குனி வெயிலுக்கு அப்புறம் சித்திரைப் புதுவருஷத்தை ஒட்டி வர்ற பின்னேர இடி மழை. அந்த வெயில் மாசத்துலயே களனி வத்தி கடல் தண்ணி அம்பத்தளை வரைக்கும் ஏறப் பார்க்கும், மணல் மூட்டை அடுக்கித் தடுத்த காலமும் இருந்துச்சு, வாயில உப்புக் கரிச்சா அதுதான், கேத்தல் அதுக்கு ஒண்ணும் செய்யாது.